இலையின் அடிப்பக்கம்

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம் எங்களுக்கு. கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, பந்தலில் பாகலும் புடலையும் என்று மாற்றி மாற்றி வைத்து 50 வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது முழங்கால் வரப்பேற விடுவதில்லை. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் காட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் திண்ணைக்கு வந்து கேட்கிறார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "அம்மா, செடி சுருட்டிக்கிச்சுங்க, என்ன மருந்து அடிக்கிறதுங்க?" நான் திருப்பிக் கேட்பேன்: "இலையைத் திருப்பிப் பார்த்தியா கண்ணு?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. வாரத்துக்கு இரண்டு நாள் வெறுங்கையோடு காட்டைச் சுற்றுங்கள். தெளிப்பான் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போங்கள். வரப்போரமாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே இறங்கிக் குறுக்கும் நெடுக்குமாக 20 செடியாவது பாருங்கள். ஒவ்வொரு செடியிலும் கொழுந்தில் ஒரு இலை, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று திருப்புங்கள். வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன், செம்பேன் எல்லாம் குடியிருப்பது பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான். மேலே நின்று தெளித்தால் மருந்து மேற்புறத்தை நனைத்துவிட்டு வழிந்து மண்ணுக்குப் போகும். கீழே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்னக் கண்ணாடி, அப்படி ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வெள்ளைத்தாள். சந்தேகமான கொழுந்தைத் தாளின் மேல் தட்டினால் விழுந்த புள்ளிகள் தூசியா உயிரா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். உயிர் என்றால் நகரும். கண்டதை ஒரு நோட்டில் எண்ணிக்கையோடு எழுதுங்கள். போன வாரம் 20 செடியில் 3, இந்த வாரம் 4 என்றால் பொறுக்கலாம். 3 இருந்தது 12 ஆகியிருந்தால் அன்றைக்கே வேலை இருக்கிறது.

2. கால்களை எண்ணுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு போக மிளகாயை நான் இழந்திருக்கிறேன்.

1980களின் கடைசி. அரை ஏக்கர் சம்பா மிளகாய். பூவெடுக்கும் நேரத்தில் கொழுந்து இலைகள் சுருண்டன. கடையில் போய்ச் சொன்னோம். செடியைக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாங்களும் கொண்டுபோகவில்லை. புதிதாக வந்திருந்த பைரித்ராய்டு மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை, நான்கு வாரம் அடித்தோம். அடிக்க அடிக்கச் சுருட்டல் கூடியது. இலைகள் ஒடுங்கி, காம்பு நீண்டு, பூ உதிர்ந்து செடி மொட்டையாக நின்றது. தோட்டக்கலை அலுவலர் ஒருவர் அந்த வழியாக வந்தவர் இறங்கிப் பார்த்தார். இலையைத் திருப்பினார், கண்ணாடியை வைத்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். மஞ்சளும் வெள்ளையுமாக, ஊசிமுனையைவிடச் சின்னதாக ஏதோ ஊர்ந்தது. "இது பூச்சியே இல்லைம்மா, சிலந்தி இனம். எட்டுக் கால். நீங்கள் அடித்தது இதைச் சாப்பிடுகிறவர்களைத்தான் கொன்றிருக்கிறது" என்றார்.

அன்றைக்குக் கற்றது இது. பூச்சிக்கு ஆறு கால். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குஞ்சை விட்டுவிட்டால் சிலந்திக்கு எட்டுக் கால். பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பலவற்றுக்குச் சிலந்தி மசியாது. அதைத் தின்று அடக்கி வைத்திருந்த இரைபிடிக்கும் சிலந்தியும் பொறிவண்டும் செத்துப்போகும். எதிரி இல்லாத காட்டில் அது பெருகும். கண்ணாடி இல்லாமலே அடையாளம் காண ஒரு வழி உண்டு: மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டு தோணி போல நின்றால் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கிக் கவிழ்த்த தோணி போல இருந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இரண்டும் ஒரே செடியில் இருக்கும் காலமும் வரும், அதனால்தான் தாளும் கண்ணாடியும். இந்த முரணைச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடிக்குச் செடி சவாரி போகும். ஆகவே வெள்ளை ஈயைக் கவனிக்காமல் இதை மட்டும் விரட்ட முடியாது.

சிலந்திக்கு நனையும் கந்தகம் கேட்கும். உச்சி வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த கையோடும் அடிக்கக் கூடாது, இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். வெள்ளரி, பாகல் வகைகளுக்கு நான் கந்தகத்தைக் கொண்டுபோவதே இல்லை. அந்த இலைகள் தாங்காது.

3. செம்பேன் வெயிலுக்கும் தூசிக்கும் வரும். பங்குனி, சித்திரையில் வண்டித்தடத்தை ஒட்டிய வெண்டைப் பாத்தியில் முதலில் பாருங்கள். இலையில் ஊசியால் குத்தியது போல வெளிர்ப்புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை. வெக்கை நாளில் முட்டையிலிருந்து தாய் ஆவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும் அதற்கு. தண்ணீர் காயவிடாதீர்கள். கையில் குழாய் இருந்தால் இலையின் அடியில் படும்படி தண்ணீரையே பீய்ச்சி அடியுங்கள், பாதி அடங்கும். நூல் கட்டிய அடியிலைகளை அங்கேயே சாக்கில் போட்டுக் கட்டி எடுங்கள். காடு முழுக்க இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் விதைத்த மாதிரி. நல்ல பாத்தியில் முதலில் வேலை, பேன் விழுந்த பாத்தியில் கடைசியில் வேலை.

4. கத்தரியில் கொழுந்து தொங்கினால் அன்றைக்கே கிள்ளுங்கள். கத்தரி வைத்தவனுக்குப் பெரிய எதிரி சொத்தைப் புழுதான். அதன் வாழ்க்கை தெரிந்தால் பாதிப் பணம் மிச்சம். தாய் அந்துப்பூச்சி இரவில் வந்து இலையடியிலும் மொட்டிலும் முட்டை வைக்கும். பொரிந்த புழு சில மணி நேரத்திலேயே இளந்தண்டுக்குள் புகுந்துவிடும். காய் வராத செடியில் தண்டு, காய் வந்துவிட்டால் காய். உள்ளே போன புழுவை எந்தத் தெளிப்பும் எட்டாது. வெளியே இருக்கும் அந்தச் சில மணி நேரத்தைப் பிடிக்கத்தான் நம் ஆட்கள் இரண்டு நாளைக்கு ஒரு முறை மருந்து அடிக்கிறார்கள். அப்படியும் காய் சொத்தையாகத்தான் இருக்கிறது, நஞ்சும் சேர்ந்துகொள்கிறது.

நட்டு ஒரு மாதம் ஆகும்போது அங்கங்கே ஒரு கொழுந்து மட்டும், தண்ணீர் இருக்கும்போதே, தலை சாய்ந்து நிற்கும். வாடிய இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே கிள்ளிப் பிளந்து பாருங்கள், வெளிர்ரோஜா நிறத்தில் புழு இருக்கும். அந்த ஒரு புழு தாயானால் அடுத்த தலைமுறை உங்கள் காயில் இறங்கும். கிள்ளியதை வரப்பில் வீசக் கூடாது, பைக்குள் போட்டு எரிக்க வேண்டும். கிள்ளிய இடத்தில் பக்கக்கிளை வெடித்து வரும், செடிக்கு நட்டமில்லை. ஓட்டை விழுந்த காயையும் பறிப்பு அன்றே தனியாக எடுத்து அழியுங்கள். வாரம் தவறாமல், கடைசிப் பறிப்பு வரை.

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து கட்டுங்கள். உள்ளே வைக்கும் லூரை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றாத பொறி வெறும் பிளாஸ்டிக். அதில் விழுவது ஆண் பூச்சி மட்டும்தான். பக்கத்துக் காட்டில் சேர்ந்த தாய்ப்பூச்சி உங்கள் காட்டுக்கு வந்து முட்டை வைப்பதை உங்கள் பொறி தடுக்காது. அதனால் அக்கம்பக்கத்துக் கத்தரிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் வங்கதேசத்திலும் இந்தியாவிலும் இலங்கையிலும் சிறு விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே மூன்றுதான்: கொழுந்து கிள்ளு, பொறி கட்டு, கண்டபடி அடிப்பதை நிறுத்து. மூன்றாவதைச் செய்தால்தான் புழுவுக்குள் முட்டையிடும் குளவி பிழைத்திருக்கும்.

5. வெண்டை மஞ்சளானால் மருந்து தேடாதீர்கள், பிடுங்குங்கள். நரம்பு மஞ்சளாகி வலை போலத் தெரிவது வைரஸ். வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது. தூக்கித் திரிவது வெள்ளை ஈ. நோயுள்ள செடியில் உறிஞ்சிய ஈ, தன் ஆயுள் முழுக்க அதைச் சுமந்துகொண்டு நல்ல செடிகளில் இறக்கும். முதல் மாதத்தில் தெரியும் இரண்டு மூன்று செடியைப் பிடுங்க மனசு வராது, இன்னும் நாலு காய் தருமே என்றிருக்கும். அந்த நாலு காய்க்காகப் பாத்தியையே இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முந்தியே காட்டைச் சுற்றி மக்காச்சோளமோ சோளமோ மூன்று வரிசை நெருக்கமாக விதையுங்கள், காற்றோடு வரும் ஈக்கு அது வேலி. வரப்புத் துத்தியை அறுத்துவிடுங்கள். தக்காளி, மிளகாய் நாற்றைச் சன்னக்கண் நைலான் வலைக்குள் வளருங்கள். நாற்றில் ஏறிய வைரஸ் காய்ப்பு வரை கூடவே வரும்.

வெள்ளை ஈக்கான மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடியின் தலைமட்டத்தில் கட்ட வேண்டும். பழைய எண்ணெய் டின்னை வெட்டி மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவினாலும் அதே வேலைதான் செய்யும். நல்ல பூச்சிகளும் அதில் ஒட்டும் என்பதால் நெருக்கமாகத் தொங்கவிடாதீர்கள்.

6. அவரையில் அசுவினி மொய்த்தால் நான்கு நாள் பொறுங்கள். அந்த நான்கு நாளும் தினமும் பாருங்கள். போன தையில் ஒரு தம்பி பாட்டிலில் ஏதோ பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். "முதலை மாதிரி இருக்குதுங்கம்மா, நூறு இருக்கும், செடியவே தின்னுடும்" என்றான். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி. பொறிவண்டின் குஞ்சு. அவன் செடிக்குக் காவல் வந்திருந்த பட்டாளத்தைத்தான் பாட்டிலில் அடைத்துக்கொண்டு வந்திருந்தான். திரும்பக் கொண்டுபோய் விடச் சொன்னேன். அடுத்த வாரம் அசுவினி அடங்கிவிட்டது.

வளர்ந்த பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் குஞ்சை யாருக்கும் தெரிவதில்லை. நூல்காம்பின் நுனியில் வெள்ளை முட்டை தனித்தனியாக நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது, தொடாதீர்கள். அசுவினிக் கூட்டத்துக்குள் சில மட்டும் உப்பி வைக்கோல் நிறத்தில் அசையாமல் இருந்தால் உள்ளே குளவிக்குஞ்சு வளர்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் அது வளர்ந்து வெளியேறிவிட்டது. எறும்பு வரிசை ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் தேனுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். மருந்தடித்தால் இரண்டு தரப்பும் சாகும். முதலில் திரும்பி வருவது அசுவினிதான். அதற்கு வேண்டிய சாப்பாடு செடியிலேயே இருக்கிறது. பொறிவண்டு வர அசுவினி பெருக வேண்டும், அதற்குள் நீங்கள் அடுத்த டேங்கைக் கலக்கிவிடுவீர்கள்.

7. தக்காளிக்கு நடுவே துலுக்கச் சாமந்தி. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை. 25 நாள் தக்காளி நாற்று நடும்போது சாமந்தி நாற்றுக்கு 45 நாள் ஆகியிருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். காய்ப்புழுவின் தாய்க்கு இந்தப் பூ மேல் மோகம் அதிகம், முட்டையை அங்கே வைக்கும். மலைக்காட்டில் முட்டைக்கோசுக்குக் கடுகு இதே வேலையைச் செய்கிறது. 25 வரிசைக்கு இரண்டு வரிசைக் கடுகு, ஒன்று நடவுக்கு 15 நாள் முந்தி, இன்னொன்று நட்டு 25 நாள் கழித்து. ஆனால் பொறிப்பயிரை வைத்துவிட்டு மறந்தால் அதுவே புழுவுக்கு நாற்றங்கால். சாமந்தியைத் தினம் பார்த்துப் புழுவை எடுங்கள்.

2014இல் மகாராஷ்டிரத்தில் கண்ட தென்னமெரிக்க ஊசிப்புழு சாமந்திக்கு மயங்குவதில்லை. இலைக்குள் பொரிப்பொரியாகச் சுரங்கம் தெரிந்தால் அந்த இலையைக் கிள்ளுங்கள். அதற்குத் தனி லூர் இருக்கிறது.

8. வேப்பங்கொட்டையை இலவசம் என்று லேசாக நினைக்காதீர்கள். ஆனி, ஆடியில் மரத்தடியில் சாக்கு விரித்துப் பழத்தைச் சேருங்கள். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, காற்றோடும் சணல் சாக்கில் வையுங்கள். பூசணம் பிடித்ததும் ஒரு வருடம் ஆனதும் பயன்படாது. 10 லிட்டர் டேங்குக்குக் கொட்டையை உடைத்து எடுத்த பருப்பு அரைக் கிலோ. இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் பால் போல வரும்வரை பிழிந்து வடிகட்டி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து 10 லிட்டராக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் இலையில் நிற்காது. அன்றைக்கே, சாயங்காலம் தெளியுங்கள், வெயில் அதன் சத்தைக் கெடுக்கும். அடித்த மறுநாள் புழு சாகவில்லை என்று கடைக்கு ஓடாதீர்கள். வேம்பு தின்னவிடாமல் செய்யும், தோலுரிக்கவிடாமல் செய்யும். சின்னப் புழுவில்தான் அது பலிக்கும். முழு விரல் நீளம் வளர்ந்த புழுவைக் கையால் பொறுக்குவதுதான் வழி.

9. கடைக்குப் போனால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். இலையைத் திருப்பிய கைக்கு இதுவும் பழகட்டும். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் நஞ்சின் பெயர். மூன்று பெயரில் மூன்று டப்பா வாங்கி மாற்றி மாற்றி அடித்ததாக நினைத்து ஒரே நஞ்சைப் போகம் முழுக்க அடித்தவர்கள் நம் ஊரில் நிறைய. பழகிய நஞ்சுக்குப் பூச்சி அடங்காது. முட்டைக்கோசின் வைரமுதுகுப் பூச்சி டிடிடியைத் தாங்கிக்கொள்வது 1950களிலேயே ஜாவாவில் தெரிந்துவிட்டது. அடுத்த முறை வேறு வகை நஞ்சாக இருக்க வேண்டும், அதே வகையில் வேறு பெயர் அல்ல.

டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அடிப்பாதி சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பைக் காய்கறிக் காட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே தடை வந்தது. அதற்குப் பிறகும் வெண்டைக்கு அதைக் கேட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மூன்று நான்கு மருந்தை ஒரே டேங்கில் கலக்கச் சொன்னால் கலக்காதீர்கள். எது வேலை செய்தது, எது இலையைக் கருக்கியது என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

அடித்த நாளிலிருந்து பறிக்கும் நாள் வரை எத்தனை நாள் விட வேண்டும் என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். சிலதுக்கு 3 நாள், சிலதுக்கு 10 நாள். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிறோம். 7 நாள் விட வேண்டிய மருந்தைப் பறிப்பு தொடங்கிய வெண்டைக்கு எப்படி அடிப்பது? அதனால்தான் சொல்கிறேன், மருந்து வேலையை எல்லாம் பூவுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து லாரி லாரியாகக் காய் கேரளத்துக்குப் போகிறது. 2015இல் தமிழ்நாட்டுக் காயில் நஞ்சு இருக்கிறது என்று அங்கே பேச்சு கிளம்பியபோது எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. அந்தக் காயைத் தின்பதும் நம்மைப் போல ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான்.

எது என்ன என்று தெரியாவிட்டால் கொழுந்தைப் பையில் போட்டுக் காந்திகிராமத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். பார்த்துச் சொல்வார்கள்.

10. தெளிப்பவரின் உடம்பு முக்கியம். என் வீட்டுக்காரர் ஒருநாள் மதியம் எதிர்க்காற்றில் அடித்துவிட்டு, அடைத்த நாசிலை வாயால் ஊதிச் சுத்தம் செய்தார். அரை மணி நேரத்தில் எச்சில் வழிந்து, கண்மணி சுருங்கி, வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பிழைத்தார். அந்த இரண்டு நாளை நான் மறக்கவில்லை. முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, காலையோ மாலையோ, காற்று முதுகுப் பக்கம். நாசிலுக்கு ஒரு பழைய பல்துலக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஏதாவது ஆனால் டப்பாவை எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் வைத்தியம். காலி டப்பாவை நசுக்கி ஓட்டை போட்டுவிடுங்கள், அதில் யாரும் தண்ணீர் மொள்ளக் கூடாது.

11. பந்தலில் பழ ஈ குத்திய பாகல் பிஞ்சு கோணிக்கொள்ளும், மஞ்சளாகி விழும். விழுந்ததைத் தினம் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் கூண்டாகி ஈயாகிப் பறந்து வரும்.

12. பறிக்க வரும் பெண்களைக் கேளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒவ்வொரு செடியையும் தொடுகிறவர்கள் அவர்கள்தான். எந்த வரிசையில் கை பிசுபிசுக்கிறது, எங்கே கொழுந்து தொங்குகிறது என்று உங்களுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். கேட்காததால் சொல்வதில்லை. தண்ணீர்ச் சொம்பை நீட்டும்போது கேளுங்கள். மருந்தடித்த பாத்தி எது, என்றைக்கு அடித்தது என்பதை அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். வெறுங்கையோடு உள்ளே இறங்குகிறவர்கள் அவர்கள்.

13. கடைசிப் பறிப்பு முடிந்த வாரமே மாரை, அதாவது காய்ப்பு ஓய்ந்த செடியை, பிடுங்குங்கள். விலை விழுந்துவிட்டால் காட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். யாரும் பார்க்காத அந்த இரண்டு மாதத்தில்தான் செம்பேனும் வெள்ளை ஈயும் சொத்தைப் புழுவும் கொழிக்கும். பிடுங்கிய கத்தரி மாரை அடுப்புக்கு ஆகுமே என்று வேலியோரம் அடுக்கி வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கமாக இருந்தது. ஒரு மாசியில் அந்தக் குவியலுக்கு நாலடி தள்ளிப் புதுக் கத்தரி நாற்று நட்டோம். இருபதாம் நாள் குவியலை ஒட்டிய வரிசையில் மட்டும் கொழுந்துகள் தொங்கின, தள்ளித் தள்ளிப் போகக் குறைந்தது. ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்த தண்டில் கூண்டு இருந்தது, காலியாக. இப்போது மாரைப் பிடுங்கியதும் சுள்ளென்ற வெயிலில் காயவைத்து அடுத்த நடவுக்கு முன்னால் எரித்து முடித்துவிடச் சொல்கிறேன். நிலத்தைச் சித்திரை வெயிலில் ஆழமாக ஒரு உழவு உழுது போடுங்கள், கூண்டுகள் மேலே வரும், மைனாக்கள் பின்னாலேயே வரும்.